ஒன்பது மணிக்குத் திரும்பிய காற்று

பூவரசனுக்கு மலை என்றால் பயம். அதை மறைக்கிற ஆள் இல்லை அவர். சாமியார்பேட்டைக் கடற்கரையில் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பொத்தல் அடைத்துக்கொண்டே, யாரும் கேட்காமலே சொல்வார்.

"கடல்ல ரெண்டு நாளு கட்டையப் புடிச்சிக்கிட்டு மெதக்கச் சொல்லு, மெதக்குறேன். மெதந்துருக்கேன். மலையில ஒருவாட்டி கால் வழுக்குனா எங்க போயி நிப்பேன்னு எவனுக்குத் தெரியும்?"

அப்படிப்பட்டவர் மூன்று வருடமாக மாதம் தவறாமல் கல்வராயன் மலைக்குப் போய்வருகிறார்! பரங்கிப்பேட்டை வந்து, சிதம்பரம் வந்து, விருத்தாசலம் போய், கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து மினி பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு மலை ஏறுகிறார். எதற்கு? இலை பிடிக்க. மீன் வலை பின்னிய கையால், காட்டில் விழுகிற இலையைப் பிடிக்க வலை கட்டுகிறார். முதல் முறை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன பங்குனியில் நடந்ததைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. கருகி உருகி விரல் நுனி அளவுக்குச் சுருண்டுபோன ஒரு நைலான் முடிச்சை அவர் என் உள்ளங்கையில் வைத்தார். அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டு வயது. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு விசைப்படகில் கயிறு சுற்றுகிற உருளை அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதோடு கடலுக்குப் போவது நின்றது. மிச்சமிருந்த மூன்று விரல்களில் வலை ஊசியைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். குப்பத்தில் கிழிந்த வலை எல்லாம் அவரிடம் வரும்.

அங்கேதான் ஒருநாள் அருள்மொழி வந்து நின்றாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், விவசாயக் குடும்பம், சிதம்பரத்தில் தங்கித் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். கையில் ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நடுவில் தொங்குகிற மாதிரி மடி. நாற்பது வேண்டும்.

"கண்ணு ரொம்பப் பொடிசா இருக்குதே. இதுல என்னா மீனு உழும் மேடம்?"

"மீன் இல்லண்ணா. எல."

பூவரசன் ஊசியைக் கீழே வைத்தார். "எலய எதுக்குப் புடிக்கணும்? அது என்னா ஓடியா போவுது?"

பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மங்கலம் சிரித்த சிரிப்பில் காக்காய் எல்லாம் பறந்துவிட்டதாம். அருள்மொழியும் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். வெயில் காலத்தில் இலை உதிர்க்கிற காடு அது. எந்த மாதம், எந்த மரம், எவ்வளவு உதிர்க்கிறது என்று எடை போட வேண்டும். தரையில் விழுந்ததைப் பொறுக்கினால் புதுசு எது, பழசு எது என்று தெரியாது. அதனால் மரத்துக்கு அடியில் இடுப்பு உயரத்தில் வலை கட்டி, விழுகிறபோதே பிடிக்க வேண்டும்.

வலை தயாரானது. ஆனால் அவள் கொண்டுபோய்க் கட்டினால் சரியாக நிற்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து இலை எல்லாம் கொட்டியது. "ஒருவாட்டி வந்து கட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணா" என்றாள். ஒரு முறைக்காகப் போனவர்தான். நாள் கூலிக்கு மாதாமாதம் போகிறவராக ஆகிவிட்டார். குப்பத்தில் மச்சான்மார்கள் விடுவார்களா?

"என்னா மச்சான், இந்த வாட்டி எலப்பாடு எப்பிடி? ஐஸ் வச்சி அனுப்புனியா?"

"ஒங்கப்பன் வலையில வர்ற கஞ்சல் குப்பைக்கு என் எல எவ்வளவோ தேவலாம் போடா."

அந்தச் சரிவு கிழக்கே பார்த்தது. மேலே முகடு. அங்கே புல் இடுப்பு உயரம், நடுநடுவே உசிலும் வெப்பாலையும். ஒன்றிலிருந்து பத்து வரை வலைகள் அங்கே. நடுச்சரிவில் அடுத்த இருபது. கடைசிப் பத்து வலைகள் வடக்குப் பக்கமாகக் கீழே இறங்கினால் வருகிற ஓடைப் பள்ளத்தில். இரண்டு மலைத்தோள்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற பள்ளம். காலையில் கொஞ்ச நேரம் வெயில் விழும், அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல் நிழல். காற்று உள்ளே வராது. மண் முழங்கை ஆழத்துக்குக் கறுப்பாக, ஈரமாக இருக்கும். வேங்கை, தான்றி, காட்டுமா, நாவல், பூவந்தி, நீர்மருது என்று அடிமரம் தெரியாமல் அடர்ந்து நிற்கும்.

பூவரசனுக்கு மலையிலேயே ரொம்பப் பயமான இடம் அந்தப் பள்ளம்தான். பட்டப்பகலில் இருட்டு. பேசினால் குரல் முட்டித் திரும்பும். போதாததற்கு முதல் மாதமே சாமிக்கண்ணு ஒன்று சொல்லிவைத்தார். மலையில் பிறந்து வளர்ந்தவர், வனத்துறைக்குத் தீக்காவல் வேலை பார்க்கிறவர், இவர்களுக்கு வழிகாட்ட வருகிறவர். முப்பத்து நாலாம் வலைக்குப் பக்கத்தில் ஒரு தான்றி மரத்தின் பட்டையில் நாலு நாலாகக் கீறல் இருந்தது. அதைத் தடவிக் காட்டினார்.

"கரடி. அந்தப் பாறைக்கு அடியிலதான் பகல்ல படுக்கும். நாம பாட்டுக்குப் போனா அது பாட்டுக்கு இருக்கும்."

"நாம பாட்டுக்குப் போவலன்னா?"

"ஓடக்கூடாது."

"அப்புறம் என்னாதான் பண்றது?"

"அத கரடிகிட்டதான் கேக்கணும்" என்று சாமிக்கண்ணு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாராம்.

அன்றைக்கு ராத்திரி பூவரசன் தூங்கவில்லை. அடுத்த மாதம் வரும்போது தோளில் ஒரு சுருள் பச்சை நைலான் கயிறு. வலை எங்கே கிடக்கிறது என்று தெரிய கடலில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கயிறு ஓடும் இல்லையா, அதே மாதிரி முதல் வலையிலிருந்து நாற்பதாவது வலை வரை காட்டுக்குள் கயிறு ஓட்டிவிட்டார்! வழி தப்பிவிடுவோமோ என்ற பயம். பனி மூடினால், மழை கொட்டினால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். மார்பு உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டினார். சாமிக்கண்ணு பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாடு கொம்புல மாட்டும், மானு கழுத்துல மாட்டும். அவுருங்க மொதல்ல."

அதனால் அவிழ்த்துத் தரையில் போட்டு, மேலே கல் வைத்தார். ஒவ்வொரு வலைக்கும் ஒரு முடிச்சு. பள்ளத்துக்கு இறங்குகிற திருப்பத்தில் மூன்று முடிச்சு சேர்த்து. "கண்ணக் கட்டிவுட்டாலும் கை சொல்லணும்ல" என்றார். அருள்மொழிகூட அப்போது சிரித்தாள். மலையில் யாராவது கயிறு கட்டி நடப்பார்களா?

மூன்று வருடத்தில் அந்த நாற்பது வலையையும் முப்பது தடவைக்கு மேல் அவர் கையால் கவிழ்த்திருக்கிறார். பையில் கட்டி, எண் எழுதி, சிதம்பரத்துக்கு எடுத்துவந்து, அருள்மொழி அடுப்பில் காயவைத்து எடை போடுகிற வரை கூட இருந்திருக்கிறார். முகட்டு வலையில் நாலு தினுசு இலைதான் விழும். மாசியில் மொத்தமாகக் கொட்டும். காய்ந்து, முறுமுறுவென்று, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பள்ளத்து வலை அப்படி இல்லை. ஒரே வலையில் பதினாலு தினுசு எண்ணியிருக்கிறார்கள். ஒரு மரம் தையில் உதிர்க்கும், இன்னொன்று பங்குனியில், நாவலும் காட்டுமாவும் மொத்தமாக உதிர்ப்பதே இல்லை. அதனால் அங்கே தரை ஒரே நாளில் சருகால் மூடாது. விழுந்ததும் ஈரத்தில் கறுத்துப் பிசுபிசுத்து மண்ணோடு போய்விடும். வலையில் ஒரு மாதம் கிடந்த இலையிலேயே பூஞ்சை பிடித்திருக்கும். அந்தப் பைகளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் வேட்டி நனையும்.

"பள்ளத்து எல எனக்குப் புடிக்காது. நாறும்" என்பார்.

போன பங்குனி.

சாமிக்கண்ணுவின் மாமியார் ஊரில் ஒரு சாவு. அவரால் வர முடியவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்படும்போது தன் வீட்டு வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். "ரெண்டு வருசமா எரியல அந்தப் பக்கம். சருகு ஜாஸ்தியா கெடக்குது. எங்கியாவது பொக தெரிஞ்சா வேலய வுட்டுட்டு எறங்கிடுங்க."

இரண்டு பேர் மட்டும் ஏறினார்கள். வழக்கம்போல முகட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். ஏழரை மணிக்கு இரண்டாம் வலையில் நின்றபோது அருள்மொழிதான் முதலில் பார்த்தாள். ரொம்பக் கீழே, ரோட்டு ஓரமாக, பால் சிந்தின மாதிரி ஒரு கோடு.

"அண்ணா, பொகை."

பூவரசன் பார்த்தார். புகை மலை மேல் ஏறவில்லை. படுத்துக் கிழக்கே, சமவெளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதுகில் மேற்கிலிருந்து சில்லென்று காற்று. அவருக்கு அந்தக் காற்றைத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். சாமியார்பேட்டையில் விடியற்காலையில் படகைக் கடலுக்குள் தள்ளிக்கொடுக்கிற கரைக்காற்று அதேதான். உச்சிவெயில் வரும் வரை அது அடிக்கும். அதற்கு அப்புறம்தான் திரும்பிக் கடல் காற்று வரும்.

"எறங்கிடலாமா?"

"இரு மேடம். இது கரைக்காத்து. பன்னண்டு மணி வரைக்கும் திரும்பாது. நெருப்பு கீழயே நிக்கும். பத்து வலையையும் முடிச்சிட்டு பத்தரைக்கு எறங்குனா போதும்."

"சாமிக்கண்ணு அண்ணன் சொன்னாரே..."

"அவரு மலைக்காரரு. காத்த நான் பாத்துக்குறேன்."

இதை என்னிடம் சொல்லும்போது அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னார். அன்றைக்கு இறங்கிவிட்டால் மிச்ச வலைக்காக மறுநாளும் ஏற வேண்டும். இன்னொரு நாள் மலை ஏறுகிற பயம். "அந்தப் பயத்துலதான் இந்தப் பயத்த நான் பாக்கல தம்பி."

ஒன்று அவருக்குத் தெரியாது. கிழக்கே பார்த்த சரிவில் காலை வெயில் நேராக அடிக்கும். பாறை சூடாகும். சூடான காற்று சரிவோடு மேலே ஏறும். அதற்கு உச்சிவெயில் வேண்டாம், ஒன்பது மணியே போதும்.

ஆறாவது வலையைக் கவிழ்க்கும்போது முதுகில் இருந்த சில்லிப்பு நின்றுபோனது. காற்றே இல்லை. வெப்பாலை இலை ஒன்றுகூட ஆடவில்லை. பூவரசன் தலையைத் தூக்கினார். முகத்தில், நேர் எதிரில் இருந்து, வெதுவெதுப்பாக ஒரு ஊது.

மணியைப் பார்த்தார். ஒன்பது ஐந்து.

"அடக் கடவுளே" என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

கீழே படுத்திருந்த புகை எழுந்து நின்றது. அப்புறம் சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முறுக்கு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடுச்சரிவின் சருகில் நெருப்பு கால் வைத்துவிட்டது. நெருப்பு மேட்டில் ஓடுகிற வேகத்தை அதுவரை அவர் பார்த்ததில்லை. இறங்குகிற ஒற்றையடிப் பாதை கண் முன்னாலேயே சாம்பல் நிறமாக மறைந்தது. போனில் சிக்னல் இல்லை.

அருள்மொழி மேலே கை காட்டினாள். "முகட்டத் தாண்டிடலாம்ணா! ஓடுங்க!"

மேலே புல். இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த புல். பூவரசன் ஒரே ஒரு நொடி அதைப் பார்த்தார். முகட்டு வலை இலையைக் கையில் எடுத்தால் எப்படி நொறுங்கும் என்று அவர் கைக்குத் தெரியும். பள்ளத்துப் பையை மடியில் வைத்தால் வேட்டி எப்படி நனையும் என்று அவர் தொடைக்குத் தெரியும். பங்குனியிலும் நனையும்.

"மேல வேணாம். பள்ளத்துக்குப் போவணும்."

"கீழயா? நெருப்பே கீழதான இருக்கு!"

"ஓரமா எறங்கி வடக்கால திரும்பிடலாம். கயிறு இருக்குது. வா."

"நான் வரமாட்டேன்! மேல போயிடலாம்ணா, ப்ளீஸ்ணா..."

மூன்று வருடம் மேடம் மேடம் என்று கூப்பிட்ட மனுஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அடியேய்! புல்லு பத்துச்சுன்னா கருகிடுவடி! குனி! கயித்தப் புடி!"

ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அம்மா தில்லையம்மாளிடம் ஒவ்வொரு மாதமும் போனில் அவர் சொல்கிற ஒரே வாக்கியம் உண்டு. "கூட்டிட்டுப் போறேங்க, பத்தரமா எறக்கி வுட்டுடுறேன்." அந்த அம்மாவும் "அண்ணன் கூட இருக்காருன்னா சரி" என்று வைத்துவிடுவார். அந்தக் குரல்தான் அப்போது காதில் கேட்டதாம். தான் சாவது பற்றி நினைப்பே வரவில்லை. தன் வாயால் 'இரு மேடம்' என்று நிறுத்திவைத்த பெண்.

இருபது அடி இறங்குவதற்குள் புகை வந்து மூடிவிட்டது. நிற்க முடியாது. தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குத்தான் மூச்சு விடுகிற காற்று இருந்தது. இரண்டு பேரும் முழங்காலில் விழுந்தார்கள். கண்ணைத் திறந்தால் மிளகாய்ப்பொடி தூவின எரிச்சல். மூடிக்கொண்டார்கள். மாடும் மானும் மாட்டும் என்று சாமிக்கண்ணு கழற்றித் தரையில் போட வைத்த கயிறு, அதே தரையில், அதே ஒரு முழத்துக்குள் கிடந்தது.

பூவரசன் முன்னால். மூன்று விரல் கயிற்றில். பின்னால் அருள்மொழி, ஒரு கை கயிற்றில், ஒரு கை அவர் கணுக்காலில்.

"முடிச்சு!" என்று கத்துவார். அவள் "ம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காலை உதறுவார். பதிமூணு. பதினாலு. சருகு கையில் குத்தியது. ஏதோ ஒன்று, எலியோ உடும்போ, அவர் கை மேலேயே ஏறி ஓடியது. பத்தொன்பது. வலது பக்கம் சூடு அடுப்பு வாயைத் திறந்த மாதிரி வந்து கன்னத்தில் உரசிப் போனது. காதோரம் முடி கருகுகிற வாசனை தன்னுடையதா அவளுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை.

இருபத்தியிரண்டாம் முடிச்சைத் தாண்டியபோது கயிறு தளர்ந்தது.

கடலில் வலை போட்டவர்களுக்கு இது தெரியும். கயிறு கையில் இறுக்கமாக இருக்கும் வரை மறுமுனையில் வலை இருக்கிறது என்று அர்த்தம். சட்டென்று தளர்ந்தால் எங்கேயோ அறுந்துவிட்டது. பூவரசன் கயிற்றைச் சுண்டி இழுத்துப் பார்த்தார். பின்பக்கம், அவர்கள் வந்த பக்கம், கனமே இல்லை. அவர்கள் பிடித்திருந்த கயிறு பின்னாலேயே எரிந்து உருகிக்கொண்டு வருகிறது. முன்பக்கம் இன்னும் இறுக்கம் இருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. "வேகமா வாடி" என்று மட்டும் சொன்னார்.

"அண்ணா, முடியல..."

"முடியும். வா. எண்ணு, நீயும் எண்ணு. சத்தமா எண்ணு!"

இருமலுக்கு நடுவே அவள் எண்ணினாள். இருபத்தாறு. இருபத்தேழு. ஒரு இடத்தில் கல் உருண்டு கயிறு மண்ணில் புதைந்து காணாமல் போனது. இரண்டு கையாலும் சருகைத் துழாவினார். அந்தப் பத்துப் பதினைந்து நொடியை மட்டும் விவரமாகச் சொல்லச் சொன்னேன். முடியாது என்று தலையாட்டிவிட்டார். பிறகு கயிறு கிடைத்தது. பிறகு விரல்களுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்தாற்போல முடிச்சுகள்.

திருப்பம்!

வடக்கே திரும்பிச் சறுக்கினார்கள். உருண்டார்கள் என்றே சொல்லலாம். முட்டியில் பாறை இடித்தது. அப்புறம் கைக்கு அடியில் முறுமுறுப்பு நின்றுபோய்க் குளிர்ச்சியாக, வழவழவென்று, நாற்றமடித்துக்கொண்டு அந்த ஈரச்சருகு.

"நாறுச்சு தம்பி. என் உசுரே வந்த மாதிரி நாறுச்சு."

ஆனால் முடியவில்லை அத்தோடு. ஓடை பங்குனியில் ஓடுவதில்லை. பாறைக்கு அடியில் ஒரு அண்டா அளவு தண்ணீர் நின்றது. முப்பத்து நாலாம் வலைக்குப் பக்கத்துப் பாறை. கீறல் போட்ட தான்றி மரத்துக்கு நேர் எதிர்ப் பாறை. துண்டையும் துப்பட்டாவையும் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் தங்களைச் சுற்றி இருந்த இலையைக் கையாலேயே வாரித் தள்ளிக் கறுப்பு மண்ணை வெளியே எடுத்தார்கள். நகக்கண்ணில் ரத்தம். அப்போது பாறைக்குப் பின்னால் மூச்சு கேட்டது. மனுஷ மூச்சு இல்லை. கனமாக, சளி பிடித்த மாதிரி, உள்ளே இழுத்து வெளியே விடுகிற மூச்சு.

அருள்மொழியின் கண் விரிந்தது. பூவரசன் உதட்டில் விரல் வைத்தார்.

மேலே நெருப்பு, பின்னால் அது. ஓடக்கூடாது என்று சாமிக்கண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. ஓடுவதற்கு இடமும் இல்லை. மூன்று உயிரும் அந்தப் பாறையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மறுநாள் சாமிக்கண்ணு அங்கே போய்க் கரடியின் கால்தடம் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார், அதுவும் கடைசி வரை நகராமல் அங்கேயேதான் படுத்திருந்திருக்கிறது.

நெருப்பு பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது. மேலே ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது, விளிம்பைத் தாண்டியதும் முழங்கால் உயரமானது. இன்னும் கீழே வந்தபோது கணுக்கால் உயரம். அடர்ந்த மரத்துக்கு அடியில் காற்று அதைத் தள்ளவில்லை. ஈர இலை புகைந்தது, கறுத்தது, பிடிக்கவில்லை. ஒரு நாக்கு மட்டும் ஒரு பட்டுப்போன மூங்கிலைப் பிடித்து ஏறி வெடித்தது. அருள்மொழி அலறிவிட்டாள். பாறைக்குப் பின்னால் மூச்சு ஒரு நொடி நின்று மறுபடி ஆரம்பித்தது. சாம்பல் மழை மாதிரி விழுந்தது. அவர்கள் தலையில், தோளில், அந்தப் பத்து வலையில்.

பிறகு நெருப்பு அங்கேயே, முப்பத்திரண்டாம் வலைக்கு நாலு அடி தள்ளி, நின்று அணைந்தது. அவ்வளவு நேரமும் அவர் வாயில் ஒரே வார்த்தை ஓடிக்கொண்டிருந்ததாம். என்ன வார்த்தை என்று கேட்டேன். "எறக்கி வுட்டுடுறேன், எறக்கி வுட்டுடுறேன்னு..."

ஒரு மணிக்கு மேல்தான் ஓடைத் தடத்தோடு இறங்கினார்கள். சாவு வீட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்த சாமிக்கண்ணு, பச்சைக் கிளைகளோடு பத்துப் பன்னிரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்தார். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த கிளையைக் கீழே போட்டார். பூவரசனின் சட்டையைப் பிடித்தார்.

"என்னா சொல்லி அனுப்புனேன்? என்னா சொல்லி அனுப்புனேன் ஒன்னய?"

அருள்மொழிதான் இடையில் வந்தாள். "வுடுங்கண்ணா. அவரு கயிறு இல்லன்னா..."

"நான் காத்து பாத்ததாலதான் கயிறே தேவப்பட்டுது" என்றார் பூவரசன். சாமிக்கண்ணு பிடியை விட்டார். கொஞ்சம் பொறுத்து, தன் தோள் துண்டை எடுத்து அவர் முகத்துக் கரியைத் துடைத்தார்.

எல்லோரும் அத்தோடு விட்டுவிட்டார்கள். பூவரசன் விடவில்லை. போனில் சொன்னால் போதும் என்று அருள்மொழி எவ்வளவோ சொன்னாள். மறுநாள் அவளோடு ஸ்ரீமுஷ்ணத்துக்கே போனார். வீட்டுக்குள் போகவில்லை. காதோரம் கருகிய முடியோடு வாசலில் நின்றார்.

"எம் பொண்ணு நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு சொல்லுது" என்றார் தில்லையம்மாள்.

"அது பாதிங்க. பொக தெரிஞ்சவொடனே எறங்கலாம்னுச்சு. நான்தான் நிறுத்தி வச்சேன். காத்து பன்னண்டு மணிக்குத்தான் திரும்பும்னு சொன்னேன். ஒம்போதுக்கே திரும்பிடுச்சு. தப்பு என்னுதுதாங்க. இனிமே வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாவின் முகம் மாறியது. மகளை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார், கை கால் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுகிற மாதிரி. நெல் வயலில் ஆள் வைத்து வேலை வாங்கிய மனுஷி. கேள்வி நேராக வந்தது.

"ஒம்போதுக்குத் திரும்பும்னு அப்ப ஒங்களுக்குத் தெரியாது?"

"தெரியாதுங்க."

"இப்ப தெரியும்?"

"செத்தாலும் மறக்காதுங்க."

"அப்ப நீங்கதான் போவணும். புதுசா ஒரு ஆளு வந்தா அவரு எம் பொண்ண வச்சி மொதல்லேர்ந்து கத்துக்குவாரு." சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போதுதான் அழுதார். பூவரசன் வாசலிலேயே தலை குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அங்க என்னா நிக்கிறீங்க? வந்து சோறு தின்னுட்டுப் போங்க."

பங்குனி மாதக் கணக்கில் முப்பது வலை இல்லை. உருகிப்போயின. பள்ளத்துப் பத்து வலையையும் அருள்மொழி எடை போட்டாள். எங்கெங்கோ எரிந்து பறந்துவந்த கருகல் துண்டுகளைத் தனியாகப் பிரித்து வைத்தாள். அவற்றுக்கு அடியில் அந்த மாதத்து வேங்கை இலை, தான்றி இலை, பூவந்தி இலை எல்லாம் ஈரமாகவே இருந்தன.

நான் போன அன்றைக்குப் பூவரசன் புதுக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மலைக்குப் புறப்பட வேண்டும். சாமிக்கண்ணு கூட வராத நாளில் இனி ஏறுவதில்லை. ஒவ்வொரு வலைக் கம்பிலும் காற்று பார்க்க ஒரு நூல் தொங்கவிடப் போகிறார். பழைய கயிறு முகட்டில் ஆரம்பித்தது. புதுக் கயிற்றின் முதல் முடிச்சு பள்ளத்தில், கரடிப் பாறைக்குப் பக்கத்தில்.

"இன்னமும் பயமா இருக்குதாண்ணே?"

"கேக்குறான் பாரு" என்று மங்கலம் பக்கம் திரும்பினார். "நேத்து ராத்திரி முழுக்க யாரு தூங்கலன்னு சொல்லு."

"நானுந்தான் தூங்கல" என்றார் மங்கலம். "'முடிச்சு, முடிச்சு'ன்னு ஒளறிக்கிட்டு என் காலப் புடிச்சி இழுத்தா எவ தூங்குவா?"

பூவரசன் கயிற்றின் ஒரு முனையை மனைவியின் கையில் கொடுத்தார். மறுமுனையை எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார். படகுகளைத் தாண்டி, ஐஸ் பெட்டிகளைத் தாண்டி, ரொம்பத் தூரம். அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டு சுண்டி இழுத்தார்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்!"

"தளந்தா சொல்லு!"

மங்கலம் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இறுக்கிப் பிடித்தார்.